பட்டியலை எழுதியது யார்? தமிழ்நாட்டுக் கரையில் திருச்சபை நிவாரணப் பணி: ஒரு மதிப்பீடு

ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் பில் கொடுக்கும்போது கேட்டுவிடலாம். நிவாரணத்துக்குப் பில் கிடையாது. அதனால் குறை சொல்ல வாயும் வராது. வாங்குகிறவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார், கொடுக்கிறவர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். சேவை நன்றாக இருந்ததா என்று யாரும் எழுதிவைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 ஒக்கி, 2018 கஜா என்று மூன்று பேரிடர்களிலும் தமிழ்நாட்டுக் கரையில் நிறைய வேலை செய்தவை கிறிஸ்தவ அமைப்புகள். கோட்டாறு சமூக சேவைச் சங்கம், தஞ்சாவூர் பல்நோக்கு சமூக சேவைச் சங்கம், காரித்தாஸ் இந்தியா, காசா, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்கள், எஃபிகார், வேர்ல்டு விஷன் ஆகியவை பெரிய பெயர்கள். இவற்றோடு வேனில் அரிசி ஏற்றிவந்த சின்னச் சின்னச் சபைகள் எத்தனையோ. இங்கே எடைபோடுவது தனியொரு அமைப்பை அல்ல, இந்தச் சேவையை. குறை சொல்லும் இடத்தில் பெயர் இருக்காது. அந்தக் குறைகள் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது.

முதலில் கேட்க வேண்டியது எத்தனை லாரி வந்தது என்பதல்ல, பட்டியலை யார் எழுதினார்கள் என்பதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

கன்னியாகுமரிக் கரை ஏறக்குறைய முழுக்கக் கத்தோலிக்கக் கரை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் பங்கு (ஊர்த் தேவாலய) அலுவலகத்திலேயே குடும்பப் பதிவேடு உண்டு. யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் யாரை மணந்தார், எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்குக் கீழே இருபது, முப்பது வீடுகளுக்கு ஓர் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குழு. பங்குத்தந்தை ஒரு சுற்றுச் சொல்லி அனுப்பினால் மாலைக்குள் யார் இல்லை, யார் வீடு போயிற்று என்று தெரிந்துவிடும். எந்த வெளி அமைப்பும் பணம் கொடுத்து வாங்க முடியாத வசதி இது. குமரியில் திருச்சபைப் பணி வேகமாக நடந்ததற்குப் பக்தியைவிட இந்த நோட்டுப் புத்தகம் பெரிய காரணம்.

நாகப்பட்டினம் கதை வேறு. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள். மீனவர்களில் பெரும்பாலோர் பட்டினவர், இந்துக்கள். அங்கே ஊரை நடத்துவது ஊர்ப் பஞ்சாயத்து. அதன் கணக்கு வரிக்கணக்கு: கடலுக்குப் போகும், கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு வரி. வெளியிலிருந்து வந்த சபைகளுக்கு வீடு வீடாகப் போய் எழுத ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பஞ்சாயத்தார் நீட்டிய பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் கணவனை இழந்த பெண் தனிக் குடும்பமாக இல்லை. மீன் தூக்கி விற்கும் கைம்பெண் இல்லை. மீன் இறக்கவும் உப்பளத்துக்கும் போகும் ஆதிதிராவிடத் தெரு இல்லை. கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் இல்லவே இல்லை. இவர்களுக்குப் படகும் வலையும் கிடையாது என்பதால் 'இழப்பு இல்லை' என்று எழுதப்பட்டார்கள். தினக்கூலி நின்றுபோனது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை.

பஞ்சாயத்தார் வந்த பொருளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எல்லா வரிக்காரருக்கும் சமமாகப் பிரித்ததை மோசடி என்று சில அமைப்புகள் சொல்லின. அது முழுக்கச் சரியல்ல. ஒரு வீட்டுக்கு மூன்று பாய், பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை என்று விட்டால் ஊர் இரண்டாகும். சமப் பங்கு ஊரின் அமைதியைக் காத்தது. கோளாறு பங்கிட்ட முறையில் இல்லை. பங்குக்குள் யார் வருகிறார் என்பதில் இருந்தது.

நல்ல குழு பஞ்சாயத்துப் பட்டியலை வாங்கிக்கொள்ளும், வாங்கியதோடு நிற்காது. ரேஷன் கடைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், சத்துணவு மையத்துக் குழந்தைகள் பட்டியல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஊரின் கடைசித் தெருவிலிருந்து எழுத ஆரம்பிக்கும். கோயில் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசித் தெரு வருவதற்குள் பொழுது போய்விடும். பெயரைப் பெண்ணின் பெயரில் எழுதும். எழுதியதைப் பொதுச் சுவரில் ஒரு நாள் ஒட்டிவைத்து, விட்டுப்போனவர் வந்து சொல்ல விடும். டோக்கனை முந்திய நாள் மாலை வீட்டிலேயே கொடுக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தால் ஒரு மேசையில் மணிக்கு நாற்பது குடும்பம்தான் நகரும். அறுநூறு குடும்பத்துக்கு ஒரே மேசை போட்டால் பதினைந்து மணி நேரம். நெரிசலும் அடிதடியும் இங்கிருந்துதான் வருகின்றன. பழியைச் சுமப்பவர்கள் மட்டும் 'கட்டுப்பாடில்லாத ஜனங்கள்'.

இனிப் பொருள். நிவாரணப் பையில் பெரும்பாலும் 10 கிலோ அரிசி இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது பேரிடர்ப் பணியில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் அளவு. அதை எட்ட 450 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 20 கிராம் சர்க்கரை வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு 10 கிலோ அரிசி நாலரை நாள்கூட வராது. பதினைந்து நாள் ஓட்ட 34 கிலோ அரிசி, நாலரைக் கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய், ஒன்றரைக் கிலோ சர்க்கரை ஆகும். பை சின்னதாக இருப்பதில் தப்பில்லை, அடுத்த பை எந்தத் தேதி என்று சொன்னால் போதும். சொல்லாமல் போவதுதான் வழக்கம். அப்போது ஜனங்கள் வரும் லாரியையெல்லாம் மறிக்கத் தொடங்குகிறார்கள். அரிசி ரகமும் பார்க்க வேண்டும். குமரியில் கஞ்சிக்குச் சிவப்புப் புழுங்கல் அரிசி, நாகையில் வெள்ளைப் புழுங்கல். பச்சரிசியும் கோதுமை மாவும் கொடுத்தால் அவை இரண்டு நாளில் கடைக்குப் போய்விடும். அரிசியைக் கொடுத்துவிட்டுப் பானையும் கரண்டியும் அடுப்பும் மண்ணெண்ணெயும் கொடுக்காமல் விட்டதும் பல இடங்களில் நடந்தது. பானை கடலோடு போனவர் அரிசியை எதில் வடிப்பார்?

பழந்துணி விஷயத்தை ஒரே வரியில் முடிக்கலாம்: அனுப்பாதீர்கள். சுனாமிக்குப் பின் நாகைப் பக்கச் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியது. மாற்றுப் பாவாடை, உள்ளாடை, மாதவிலக்குத் துணி, ஒரு கைலி, ஒரு துண்டு என்று புதிதாகக் கட்டிய சின்ன மூட்டை ஒன்று அந்தக் குவியல் முழுவதையும்விட உபயோகம். அருட்சகோதரிகள் பொறுப்பிலிருந்த மூட்டைகளில் இவை இருந்தன, ஆண்கள் கட்டிய மூட்டைகளில் இருக்காது. இதைப் பொது விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் நல்ல எண்ணம் கெடுதல் செய்தது. கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்துக் 'கழுவினார்கள்'. மணற்பாங்கான கரையில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. வேகமாக இறைத்தால் அந்த அடுக்கு போய், அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். உறை இடிந்தும் விழும். சேற்றையும் செத்தவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு முறை மெதுவாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மழைக்கு விடுவதுதான் முறை. உப்புக் குறைய ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை தொட்டித் தண்ணீர்தான், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குளோரின் போட்ட தண்ணீரில் அரை மணி கழித்தும் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தை யாரும் கொண்டுவருவதில்லை, பாட்டில் தண்ணீரைத்தான் லாரி லாரியாகக் கொண்டுவருகிறார்கள். நாகையின் உப்பேறிய வயல்களுக்குக் கடற்சேறு வாரியது, ஜிப்சம் போட்டது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதது எல்லாம் முறையாகவே நடந்தன. மழை மீதியைப் பார்த்துக்கொண்டது.

தற்காலிகக் கொட்டகை சுனாமிப் பணியிலேயே மோசமான பகுதி. தார்ஷீட்டை நான்கு பக்கமும் அடித்து, மேலேயும் போட்டு, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிறுத்தினார்கள். ஏப்ரல் வெயிலில் உள்ளே உட்கார முடியாது. அக்டோபர் மழையில் தரையில் நீர் ஊறும். தார் எளிதில் தீப்பற்றும், ஒரு அடுப்பு போதும். 10-க்கு 12 அடி என்று போட்டால் ஐந்து பேருக்கு ஆளுக்கு 24 சதுர அடி வரும். உலக அளவில் ஒத்துக்கொண்ட குறைந்தபட்சம் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி. ஆறு மாதம் என்று சொல்லிப் போட்டதில் பல குடும்பங்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் இருந்தன. தென்னங்கிடுகுக் கூரை வேய்ந்த கொட்டகைகள் எவ்வளவோ மேல். தார்ஷீட்தான் கிடைத்தது என்றால் அதன்மேல் கிடுகு ஒரு அடுக்குப் போடலாம், இரு முனைச் சுவரின் உச்சியிலும் காற்றுக்கு இடைவெளி விடலாம். தரையை ஒரு அடி உயர்த்த வேண்டும். எட்டுக் கொட்டகைக்கு ஒரு முறை தீ பாயாத இடைவெளி விட வேண்டும். சமையலுக்குத் தனிப் பந்தல் வேண்டும். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுடையது தனியாக, விளக்கோடு இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. ஆறு மாதம் கழித்துக் கான்கிரீட் வீடு தரப்போகிறோமே, இதில் எதற்குச் செலவு என்று நினைத்ததுதான் தப்பு.

படகுக்கு வருவோம். நன்கொடை கொடுக்கும் வெளிநாட்டுச் சபைக்குப் படகைவிடப் பிடித்தமான பொருள் கிடையாது: பெயர் எழுதலாம், ஜெபித்து நீரில் இறக்கலாம். விளைவு, பல ஊர்களில் கடல் கொண்டுபோனதைவிடக் கூடுதலாகப் படகுகள் வந்து சேர்ந்தன. ஏறிப்போக ஆள் இல்லாமல் மணலில் கிடந்தன. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு வந்ததால் எரிபொருள் செலவும் கூடவே வந்தது.

ஃபைபர் படகின் தரத்தில்தான் ஏமாற்று அதிகம். 2005-ல் திடீரென்று முளைத்த பட்டறைகள் அவசரத்துக்குக் கண்ணாடியிழை மேட் அடுக்கைக் குறைத்தன. அதை ஒட்டும் பிசினான ரெசினுக்கு ஊக்கியை அதிகம் விட்டுச் சீக்கிரம் இறுகவைத்தன. அச்சிலிருந்து முழுதாக ஆறும் முன்பே எடுத்தன. சோழமண்டலக் கரையில் படகு அலையோடு வந்து மணலில் அடிக்கும், எனவே அடித்தண்டிலும் அதன் இருபுறமும் கூடுதல் அடுக்கு வேண்டும். அது இல்லாத படகு இரண்டாவது பருவத்தில் அடியில் கீறிக்கொள்ளும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை எளிது. நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினால், நன்றாக ஒட்டிய இடம் 'டிங்' என்று ஒலிக்கும், காற்று அடைத்த இடம் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும். பக்கவாட்டை உள்ளங்கையால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. உட்புறம் வெள்ளை நூல் நூலாகத் தெரிந்தால் ரெசின் போதவில்லை என்று பொருள். மிதப்புக்கு அடைத்த தெர்மாக்கோல் அறையில் ஓட்டை இருந்தால் நீர் புகுந்து படகு மாதா மாதம் கனத்துக்கொண்டே போகும். கைச்செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமல் ஐம்பது படகுக்கு ஆர்டர் கொடுத்த அமைப்புகள் உண்டு.

என்ஜினிலும் கரை தெரியாமல் தடுமாறினார்கள். நாகை, கடலூர்ப் பக்கம் நீள்வால் டீசல் என்ஜின், குமரிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு. ஒன்றை மற்ற இடத்தில் கொடுத்தால் பழுது பார்க்க ஆளும் கிடைக்காது, உதிரியும் கிடைக்காது. வலை இல்லாத படகு வெறும் தொட்டி. அதிலும் நண்டு வலை, இறால் வலை, சாளை வலை என்று பருவத்துக்கு ஒன்று வேண்டும், கண் அளவும் வேறு வேறு. ஒரே வலையோடு கொடுத்த படகு வருஷத்தில் சில மாதம்தான் கடல் பார்க்கும். நான்கு குடும்பத்துக்கு ஒரு படகு என்ற கூட்டு உடைமை, திட்ட அறிக்கையில் அழகாக இருக்கும். யார் டீசல் போடுவது, பழுதை யார் பார்ப்பது என்று முதல் மாதமே சண்டை வரும். கடைசியில் ஒருவர் மற்ற மூவருக்கும் பணம் கொடுத்துத் தனதாக்கிக்கொள்வார். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வியாபாரியிடம்தான் வாங்குவார், பிடிக்கும் மீனும் அந்த வியாபாரிக்கே போகும்.

முட்டத்தில் சுனாமிக்குப் பல வருஷங்களுக்கு முன்பே கோட்டாறு மறைமாவட்டத்தின் (ஒரு கத்தோலிக்க ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுதி) பணியில் படகு கட்டும் முயற்சி தொடங்கியது. கட்டுமரக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு, அலையில் ஓட்டிப் பார்த்து, திருத்தித் திருத்திக் கட்டினார்கள். மீனைத் தாங்களே விற்கும் மீனவர் சங்கங்களும் அந்த மண்ணில் வேர்விட்டன. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்த அந்த வேலையையும், ஒன்பது மாதத்தில் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று வந்த படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், திருச்சபைக்கு எது கைவந்த வேலை என்பது தெரியும்.

வீடுதான் பெரிய செலவு. 2005 மார்ச் 30-ல் வந்த அரசாணை எண் 172-ன்படி அரசு நிலம் தரும், தொண்டு நிறுவனம் வீடு கட்டும். வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய், பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர் தள்ளிப்போகச் சம்மதித்தால் இலவச வீடு உண்டு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போக மாட்டேன் என்றால் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. இருவர் பெயரில் பட்டா என்பது இந்த ஆணையின் நல்ல பகுதி. பட்டியலில் ஆணுக்குப் பின்னால் மறைந்திருந்த பெண் முதன்முறையாகக் காகிதத்தில் வந்தாள்.

கட்டுமானத்தில் பார்க்க வேண்டியது மூன்று கான்கிரீட் பட்டைகள்: அடித்தளத்துக்கு மேல் ஒன்று, லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலின் மேல் விளிம்பில், வீட்டைச் சுற்றி ஒன்று, கூரை மட்டத்தில் ஒன்று. இவற்றை மூலைகளில் நிற்கும் நெட்டுக் கம்பிகள் பிணைக்க வேண்டும். பல இடங்களில் லிண்டல் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேல் மட்டும் துண்டு துண்டாக ஓடும். அது பட்டை ஆகாது, சுவர் ஆடும்போது பிடித்து நிறுத்தாது. அடுத்தது மணல். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒப்பந்தக்காரருக்கு ஆற்று மணல் கசக்கும். உப்பு மணலில் போட்ட கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, சில வருஷத்தில் தளத்தின் அடிச் சிமெண்ட் தட்டுத் தட்டாகக் கொட்டும். கொஞ்சம் மணலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கும் சின்னக் கட்டை) வைக்காமல் கம்பியைப் பலகைமேலேயே கிடத்திக் கான்கிரீட் போட்டால் ஆற்று மணலாக இருந்தும் அதே கதிதான். கரையில் உப்புக் காற்று போதும். தண்ணீர் லாரியில் வரும் இடத்தில் தளத்துக்கு ஏழு நாள் தண்ணீர் கட்ட மாட்டார்கள், மறுமழையில் ஒழுகும்.

இடம் இன்னும் முக்கியம். கிடைத்த நிலம் பெரும்பாலும் தாழ்வானது, யாரும் வாங்காதது. மண் அடித்து மேடாக்கி, அடுக்கடுக்காக நீர்விட்டு இடிக்காமல் உடனே கட்டினால் ஒரு மழையில் தரை கீழே இறங்கி, சுவரில் மூலைவாட்டில் விரிசல் ஓடும். நீர்மட்டம் மூன்றடியில் இருக்கும் இடத்தில் கழிவுத் தொட்டி தோண்டினால் ஐப்பசியில் அது திரும்பி வீட்டுக்குள் வரும். சாமி அறை மூலைக்குப் பக்கத்திலேயே கழிப்பறையை வைத்து வரைபடம் போட்டதால் பல வீடுகளில் கழிப்பறை விறகு வைக்கும் அறையானது. வரைந்தவர் அந்த வீட்டுப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். வலை போட இடம் இல்லை, மீன் காயவைக்க முற்றம் இல்லை. கடல் வீட்டிலிருந்து தெரியவில்லை என்பதால் அலை பார்த்துக் கிளம்ப முடியவில்லை. நேர் வரிசைக்காக நின்ற மரங்களையும் வெட்டினார்கள்.

வீட்டுக்காரரே மேற்பார்வை பார்த்த இடங்களில் வேலை தரமாக இருந்தது. அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் விட்டு, ஊர்க் குழு கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை என்று வைத்த அமைப்புகள் தாமதமாக முடித்தன, ஆனால் வீடு நிற்கிறது. முந்நூறு வீட்டையும் ஒரே ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த அமைப்புகள் சீக்கிரம் திறப்பு விழா நடத்தின. திறப்பு விழாக் கல்வெட்டை மட்டும் எல்லாரும் கிரானைட்டில்தான் போட்டார்கள், அது விரிசல் விடவில்லை.

இனி ஜெபம். 'சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு 2005 ஜனவரியிலேயே எழுந்தது. 1994-ல் வந்த பேரிடர் நிவாரண நடத்தை விதி பத்து அம்சங்கள் கொண்டது. அதில் இரண்டாவது, உதவி தேவையைப் பார்த்துத்தான், மதம் பார்த்து அல்ல. மூன்றாவது, எந்த மத நிலைப்பாட்டையும் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது. இந்த விதியை முன்னின்று கொண்டுவந்தவர்களில் செஞ்சிலுவைச் சங்கத்தோடு உலகக் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. யாரோ வெளியிலிருந்து திணித்தது அல்ல. பழைய மறைமாவட்ட, பேராய அமைப்புகள் இதில் பொதுவாகக் கவனமாக இருந்தன. தரங்கம்பாடி மாதிரி, 1706-ல் சீகன்பால்க் இறங்கியது முதல் லுத்தரன்கள் இருந்துவரும் ஊரில், அண்டை வீட்டாரோடு நாளைக்கும் வாழ வேண்டும் என்ற நினைப்பே ஒரு கட்டுப்பாடு. வழுக்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு வந்துபோன சிறு குழுக்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள், ஆராதனைக்குள்ளா வெளியிலா? ஜெபத்துக்கு முன்பே எழுந்து போகிறவருக்கும் பை உண்டா? பைக்குள் துண்டுப் பிரசுரம் இருக்கிறதா? படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தால் அது எதற்கு? கேட்டு வந்தவருக்காக ஜெபிப்பது வேறு, வரிசையில் நிற்கிறவருக்கு ஜெபத்தை நுழைவுச்சீட்டாக்குவது வேறு. துக்கம் கேட்பதில் திருச்சபையின் பழைய கை தேர்ந்தது. உடல் கிடைக்காத வீட்டில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்த அருட்சகோதரிகளும் உபதேசியார்களும் இரண்டு நாள் பயிற்சி பெற்ற 'கவுன்சிலர்'களைவிட நன்றாகவே செய்தார்கள். டிசம்பர் 26 வரும்போதெல்லாம் குமரிக் கரையின் கல்லறைகளில் நடக்கும் திருப்பலியும் அந்தப் பணியின் தொடர்ச்சிதான்.

குழந்தைகள் விஷயத்தில் கோடு இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2005 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு, இந்தோனேசியாவின் ஆச்சேயில் அநாதையான 300 முஸ்லிம் குழந்தைகளைக் கிறிஸ்தவ விடுதியில் வளர்க்கப்போவதாகச் சொல்லி நிதி கேட்டது. இந்தோனேசிய அரசு அனுமதி இல்லாததால் கைவிட்டது. தமிழ்நாட்டில் அரசே நாகையில் அன்னை சத்யா இல்லத்தில் குழந்தைகளை வைத்துப் பார்த்தது. அம்மா போய்விட்டாலும் சித்தியோ பாட்டியோ இருக்கும் குழந்தையை விடுதிக்குக் கூட்டிப்போகும் குழு எதுவானாலும் தள்ளி நிறுத்துங்கள். அந்தப் பாட்டிக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதே நேரான வழி.

பணம் வரும் பாதை இப்போது மாறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்தால் ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. சுனாமியின்போது பெரிய அமைப்பு மறைமாவட்டச் சங்கத்துக்குக் கொடுக்கும், அது பங்குக்குக் கொடுக்கும். அந்தச் சங்கிலி இன்று கிடையாது. பெரிய அமைப்பு தானே ஆள் வைத்து ஊருக்குள் வர வேண்டும், ஆளுக்கு ஆகும் செலவோ நிர்வாகக் கணக்கில் போய் விழும். ஊரை அறிந்தவரிடம் பணம் இல்லை, பணம் உள்ளவருக்கு ஊர் தெரியாது. அடுத்த புயலில் பட்டியல் தப்பாகப் போவதற்கான வாய்ப்பு இதனால் கூடியிருக்கிறது.

பட்டியல் என்றால் என்னவென்று ஒக்கி காட்டியது. 2017 நவம்பர் 30-ல் குமரிக்குப் பக்கத்தில் அந்தப் புயல் கடந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களின் கணக்கு அரசிடம் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வட்டாரத்துக்காரர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். படகு தமிழ்நாட்டினுடையது, கிளம்பிய துறை கொச்சியாக இருக்கலாம், ஆட்கள் இரண்டு மாநிலத்தவரும் கலந்திருப்பார்கள். போதாததற்கு அந்தத் தமிழ்நாட்டு ஊர்களின் பங்குகள் கோட்டாறு மறைமாவட்டத்தில் இல்லை, திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு பட்டியலில் வரலாம், எதிலும் வராமலும் போகலாம். பங்குத்தந்தையர் வீடு வீடாகச் சேர்த்த எண்ணிக்கை அரசு சொன்னதைவிட அதிகமாக இருந்தது. அந்தப் பெயர்களை வைத்துத்தான் தேடச் சொல்லிப் போராட முடிந்தது.

பிறகும் அதே நோட்டு உதவியது. காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் ஊகிக்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை இறப்புச் சான்று இல்லை, நிவாரணம் இல்லை, வங்கிக் கணக்கும் திறக்காது. ஒக்கியில் அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர்களை இறந்தவர்களாக ஏற்றது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய். ஆனால் இவர் அந்தப் படகில்தான் போனார் என்று நிரூபிக்க வேண்டும். படகின் பதிவெண், கிளம்பிய துறை, தேதி, ஓட்டுநர் முதல் சமையல்காரர் வரை பெயர், அப்பா பெயர், ஊர், ஆதார் எண், கடைசியாகப் பேசிய நாள், பேசியவர் யார் ஆகிய இவ்வளவையும் முதல் வாரத்திலேயே ஒரே தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்த குடும்பத்துக்கு அலைச்சல் குறைவு. மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால் தேதிகள் ஒன்றோடொன்று இடிக்கும், அதிகாரி கேள்வி கேட்பார், கோப்பு திரும்பும். ஒடிசா, அசாமிலிருந்து கூலிக்கு வந்து அதே படகில் ஏறிய இளைஞனின் வீட்டு முகவரி யாரிடமும் இருக்காது. பங்குப் பதிவேட்டிலும் அவன் இல்லை, ஊர் வரியிலும் இல்லை. படகு கிளம்பும்போதே ஆள் பட்டியலின் ஒரு நகலைக் கரையில் விட்டுப்போகச் சொல்ல வேண்டும், அவன் பெயரையும் அவன் அம்மாவின் போன் எண்ணையும் சேர்த்து.